காதில் ஓடும் த்ரில்லர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ரைம் நாவல், துப்பறியும் கதை, சைக்கோ த்ரில்லர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும், இவற்றை ஆடியோபுக்காகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேறெந்த வகை நாவலையும்விட மர்மக் கதைக்குத்தான் காது அதிகம் பொருந்துகிறது. புத்தகத்தில் கண் நாலு வரி தாண்டி ஓடிவிடும். பக்கத்தின் அடியில் 'ரத்தம்' என்ற சொல் இருந்தால் மேலே படிக்கும்போதே தெரிந்துவிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த சொல் எப்போது வரும் என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்கிறார். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

கேட்டதைப் 'படித்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாமா? ஏமாற்று வேலை இல்லையா?

தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். வாரப் பத்திரிகை வந்ததும் வீட்டில் ஒருவர் தொடர்கதையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் ஒன்று உண்டு. அவர்கள் யாரும் அந்தக் கதையை நாங்கள் படிக்கவில்லை என்று சொன்னதில்லை.

ஆய்வும் அதையே சொல்கிறது. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே நூலின் பகுதியைச் சிலர் திரையில் படித்தார்கள், சிலர் கேட்டார்கள், சிலர் இரண்டையும் ஒருசேரச் செய்தார்கள். பிறகு கேள்வி கேட்டுப் பார்த்தபோது மூன்று குழுவினரின் புரிதலிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2019-இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கதையைக் கேட்டாலும் படித்தாலும், சொற்பொருளை உள்வாங்கும் பகுதிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வுகளில் பயன்பட்டவை துப்பறியும் கதைகள் இல்லை. துப்பறியும் கதையில் பத்தாம் பக்கத்தில் வந்த ஒரு சாவிக்கொத்தை இருநூறாம் பக்கத்தில் தேடிப் போக வேண்டியிருக்கும். அந்த ஓர் இடத்தில் அச்சுப் புத்தகம் ஜெயிக்கிறது. அதை எப்படிச் சமாளிப்பது என்று கீழே சொல்கிறேன்.

ஆடியோபுக் என்பது செல்போனோடு வந்த சமாச்சாரம்தானே?

அதற்கு மிகவும் முந்தையது. பிரிட்டனில் பார்வையற்றோருக்கான 'பேசும் புத்தகங்கள்' 1935 நவம்பரில் வெளிவந்தன. முதல் உலகப்போரில் பார்வை இழந்து திரும்பிய வீரர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய முயற்சி அது. 1916-இல் சோம் போர்முனையில் பார்வை இழந்த இயன் ஃப்ரேசர் அதன் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர். முதலில் வெளியான நூல்களில் ஒன்று, அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. ஆக, இந்தத் துறையின் பிள்ளையார் சுழியிலேயே ஒரு கொலைக் கதை இருக்கிறது.

அன்று எல்லாம் 12 அங்குல இசைத்தட்டுகள். ஒரு பக்கம் 25 நிமிடம் ஓடும். ஒரு நாவலுக்குச் சுமார் பத்துத் தட்டு. இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கிற நேரத்தில் தட்டு முடிந்துபோய், எழுந்து சென்று திருப்பிப் போட வேண்டியிருந்திருக்கும். 'தொடரும்' என்று போடாமலே தொடரும். பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது. 1990களின் இறுதியில், ஆடியோபுக் விற்கும் ஆடிபிள் நிறுவனம் விற்ற முதல் கையடக்கக் கருவியில் இரண்டு மணி நேர ஒலிதான் அடங்கும்.

படிப்பதைவிடக் கேட்கும்போது பயம் அதிகமாக இருக்கிறதே, எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பிரபல நாவல்களின் காட்சிகளை ஆடியோபுக்காகவும் படமாகவும் கொடுத்து, இதயத் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் தோலின் மின்கடத்தலையும் அளந்தார்கள். வாயால் கேட்டபோது 'படம்தான் அதிகம் ஈர்த்தது' என்று சொன்னவர்களின் உடம்பு, ஆடியோ கேட்கும்போதுதான் கூடுதலாகப் படபடத்தது. இது ஆடிபிள் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம்.

என் கணக்கு எளிமையானது. படத்தில் வரும் இருட்டு மாடிப்படியை ஆர்ட் டைரக்டர் கட்டிவைத்திருக்கிறார். ஆடியோவில் வரும் மாடிப்படி உங்கள் வீட்டு மாடிப்படி.

எந்த வேகத்தில் கேட்பது? நண்பர்கள் எல்லாரும் இரண்டு மடங்கில் கேட்கிறார்களாம்.

கேட்கட்டும். ஆங்கில ஆடியோபுக்குகள் பொதுவாக நிமிடத்துக்கு 150, 160 சொற்கள் என்ற வேகத்தில் பதிவாகின்றன. மணிக்கு 9,000 சொற்களுக்குச் சற்று மேல். 90,000 சொற்கள் கொண்ட த்ரில்லர் பத்து மணி நேரத்தை ஒட்டி வரும். தமிழில் 'போய்க்கொண்டிருந்தவனிடமிருந்து' என்பது ஒரே சொல் என்பதால் சொற்கணக்கு குறைவாக இருக்கும், கேட்கும் நேரம் குறையாது. நம் மாத நாவல் ஒன்று பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதையும் இரண்டு மடங்கில் ஓட்டி எங்கே போய்ச் சேரப் போகிறோம்?

இன்றைய ஆப்கள் வேகத்தைக் கூட்டினாலும் குரல் கீச்சென்று ஆகாமல் பார்த்துக்கொள்கின்றன. அதனால் சற்று மந்தமாக வாசிப்பவரை 1.2-இல் கேட்பதில் தவறே இல்லை. பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு, துப்பாக்கி வகை என்று தகவலாகக் கொட்டும் அத்தியாயங்களில் 1.5 கூடப் போகலாம். கடைசி கால் பங்குக்கு மட்டும் 1.0-க்குத் திரும்பிவிடுங்கள். ஆங்கிலம் அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்கள் 0.9-இல் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முக்கியமாக, லண்டன் கிழக்குப் பகுதிப் பேச்சோ ஸ்காட்லாந்துப் பேச்சோ வரும் கதைகளில்.

'மௌனத்தைத் தவிர்' என்று ஒரு வசதி இருக்கிறதே, போடலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்காஸ்ட் ஆப்கள் பலவற்றில் பேச்சுக்கு இடையே வரும் இடைவெளிகளைத் தானாகவே வெட்டித் தள்ளும் வசதி உண்டு. இரண்டு பேர் அரட்டை அடிக்கும் நிகழ்ச்சிக்கு அது நல்லது. த்ரில்லருக்கு அது விஷம். 'அவள் கதவைத் திறந்தாள்' என்று வாசித்துவிட்டு வாசிப்பவர் ஒன்றரை நொடி நிறுத்துகிறார். எழுத்தாளர் ஒரு காலிப் பத்தி விட்டுச் செய்ததை அவர் அந்த ஒன்றரை நொடியில் செய்கிறார். ஆப் அதை 'வெற்றிடம்' என்று கணக்குப் போட்டு கால் நொடியாகச் சுருக்கிவிடும். கதவு திறந்ததும் பிணம் தெரிந்ததும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். பிறகு 'கதை அவ்வளவு பயமாக இல்லையே' என்று எழுத்தாளரைக் குறை சொல்வோம்.

பாட்காஸ்ட் கேட்கும் ஆப்பிலேயே ஆடியோபுக்கையும் ஏற்றிக் கேட்பவர்கள் கவனிக்க: பாட்காஸ்டுக்காகப் போட்ட அமைப்பு இதற்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை செட்டிங்க்ஸில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

குரலை வைத்தே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட முடியாதா?

மோசமான வாசிப்பில் முடியும். நல்ல வாசிப்பில் முடியாது. இந்த வேலையின் கஷ்டமே அங்கேதான் இருக்கிறது.

கொலைகாரன் யாரென்று தெரியாமல் அவன் பக்கத்திலிருந்து சொல்லப்படும் அத்தியாயங்கள் த்ரில்லரில் சகஜம். அச்சில் அவன் ஒரு நிழல். தமிழில் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் நம் எழுத்தாளர்கள் 'அந்த உருவம் நகர்ந்தது' என்று எழுதிப் பழகியிருக்கிறார்கள். ஆடியோவில் அந்த உருவத்துக்கும் ஒரு குரல் கொடுத்தே ஆக வேண்டும். ஒருவரே எல்லாப் பாத்திரத்துக்கும் பேசும் நூலில் சிக்கல் குறைவு, எல்லாம் அவர் குரல்தான் என்று காது ஏற்றுக்கொள்ளும். கதாநாயகி பகுதியைப் பெண்ணும் கொலைகாரன் பகுதியை ஆணும் வாசிக்கும்படி தயாரித்தால், சந்தேகப் பட்டியலில் இருந்த பெண்கள் எல்லாரும் முதல் அத்தியாயத்திலேயே விடுதலை ஆகிவிடுவார்கள். கடைசியில் கொலை செய்தது பெண்தான் என்று வந்தாலோ, 'இது நியாயமே இல்லை' என்று தோன்றும்.

தேர்ந்தவர்கள் அந்தப் பகுதிகளுக்கு ஏற்ற இறக்கம் குறைந்த, வயது தெரியாத ஒரு குரலைப் பிடிக்கிறார்கள். பல நேரம் அது கிசுகிசுப்பாக இருக்கும். கிசுகிசுப்பில் எல்லாக் குரலும் ஒன்றுபோலவே கேட்கும் என்பதை எழுத்தாளர்களைவிட வாசிப்பவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்டூடியோவுக்குள் நுழையும் முன் முழு நாவலையும் படித்துக் குறிப்பெடுப்பது இந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். அப்படிச் செய்யாமல் நேரே மைக் முன்னால் உட்கார்ந்தால், முப்பதாம் அத்தியாயத்தில் 'தன் வழக்கமான கோயம்புத்தூர்ப் பேச்சில் அவர் சொன்னார்' என்று ஒரு வரி வந்து நிற்கும். அதுவரை அந்த ஆள் அச்சு அசலாக மெட்ராஸ் பாஷை பேசியிருப்பார். துப்பு ஒளிந்திருக்கும் வரியை அழுத்தி வாசிப்பவர் குட்டை உடைக்கிறார். அதை மறைக்கிறேன் என்று அவசரமாகத் தாண்டுபவரும் உடைக்கத்தான் செய்கிறார். துப்பையும் சமையல் குறிப்பையும் ஒரே தொனியில் சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எழுத்தாளர் பெயரைத் தேடுவது போல அவர் பெயரைத் தேடிக் கேளுங்கள்.

தமிழில் வாசிப்பவரிடம் தனியாக எதைப் பார்க்க வேண்டும்?

விவரிப்புக்கும் பேச்சுக்கும் இடையே அவர் எப்படித் தாவுகிறார் என்று பாருங்கள். நம் நாவல்களில் விவரிப்பு எழுத்துத் தமிழில் இருக்கும், வசனம் பேச்சுத் தமிழில் இருக்கும். ஆங்கிலத்தில் வாசிப்பவருக்கு இவ்வளவு பெரிய தாவல் இல்லை. 'அவன் கத்தியை ஓங்கினான்' என்பதைத் தெளிவாகச் சொல்லி, உடனே 'ஐயோ, என்னைய விட்ருங்க' என்று இறங்கி வர வேண்டும். இரண்டையும் செய்தி வாசிப்பது போல வாசித்தால் கேட்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். இரண்டிலும் மேடை நாடகம் போட்டால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். இலவச மாதிரிப் பகுதியில் முதல் இரண்டு நிமிடத்தைத் தாண்டி, வசனம் வரும் ஓர் இடத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பல குரல், பின்னணி இசை, சவுண்ட் எஃபெக்ட் எல்லாம் சேர்ந்தது நல்லதா, ஒற்றைக் குரல் நல்லதா?

என் ஓட்டு ஒற்றைக் குரலுக்கு. காலடிச் சத்தத்தை ஒலியாகவே போட்டுவிட்டால் அது ஒரே ஓர் ஆளின் காலடியாகிவிடுகிறது. 'யாரோ நடந்து வரும் சத்தம்' என்று ஒரு குரல் சொல்லும்போது, யார் என்பதை உங்கள் சந்தேகம் நிரப்பிக்கொள்கிறது. பின்னணி இசை இன்னும் மோசம். ஆபத்து வரும் முன்பே வயலின் வந்து தகவல் சொல்லிவிடும். ஆனால் வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது ஏறாது. அவர்கள் பலகுரல் தயாரிப்பையே ரசிப்பார்கள், ரசிக்கட்டும்.

சுருக்கப்பட்ட பதிப்பு என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

கேசட் காலத்தில் நீண்ட நாவலை மூன்று, நாலு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அதற்காக வெட்டினார்கள். துப்பறியும் கதையில் எதை வெட்டுவது? பத்துச் சந்தேக நபர்களில் நால்வரை எடுத்துவிட்டால் புதிர் தானாகவே அவிழ்ந்துவிடும். இப்போது வெட்ட அவசியமே இல்லை. முழுப் பதிப்பு கிடைக்கும்போது சுருக்கத்தைத் தொட வேண்டாம்.

பெயர்கள் குழம்புகின்றன, துப்புகள் மறந்துபோகின்றன. என்ன செய்வது?

முதல் ஒரு மணி நேரத்தை வேறு வேலை இல்லாமல் கேளுங்கள். மர்மக் கதையில் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் அறிமுகமாகிறார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர், உறவு, தொழில் மூன்றையும் கிறுக்கிவைத்தால் போதும். வெளிநாட்டுக் கதைகளில் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று கவலைப்படாமல் காதில் விழுந்தபடி தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

சந்தேகம் தட்டிய இடத்தில் புக்மார்க் பொத்தானை அழுத்தும் பழக்கம் வர வேண்டும். பல ஆப்களில் அதோடு ஒரு சிறு குறிப்பும் எழுதலாம். 'தோட்டக்காரன் கை ஈரம்' என்று இரண்டு சொல் போதும். அச்சுப் புத்தகத்தில் பக்கத்தை மடித்துவைப்போமே, அதேதான். பின்னோக்கித் தாவும் பொத்தான் பெரும்பாலும் 15 அல்லது 30 நொடி தாவும். த்ரில்லருக்கு 15 நொடியே நல்லது. ஒரு வசனத்தைத் திரும்பக் கேட்க அது போதும்.

ரஷ்ய உளவுக் கதைகளுக்கு மட்டும் இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. ஒரே ஆளை மூன்று பெயரில் கூப்பிடுவார்கள். அவற்றைக் கண்ணால் படித்துவிடுங்கள்.

வரைபடம், சங்கேதக் குறி, கடிதம் எல்லாம் வந்தால் காது என்ன செய்யும்?

கொஞ்சம் திணறும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் 1903-இல் வந்த ஒன்றில் நடனமாடும் குச்சி மனிதர்கள் வரிசையாக வரையப்பட்டிருப்பார்கள். அதுதான் சங்கேத மொழி. அச்சில் அந்தப் படங்கள் கதைக்குள்ளேயே உண்டு. வாசகர் ஹோம்ஸோடு சேர்ந்து அவிழ்த்துப் பார்க்கலாம். ஆடியோவில் 'இங்கே ஒரு படம் உள்ளது' என்பதோடு நின்றுவிடும். இப்படிப்பட்ட நூல்களுக்குச் சில பதிப்பகங்கள் பிடிஎஃப் இணைப்பு தருகின்றன. வாங்கும்போதே அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் உட்கார்ந்து தேடினால் கிடைக்காது.

மின்னஞ்சல்களும் வாட்ஸப் அரட்டைகளுமாகவே எழுதப்பட்ட புதிய வகை நாவல்கள் வேறு வந்துவிட்டன. ஒவ்வொரு செய்திக்கும் தேதி, நேரம், அனுப்பியவர் என்று வாசித்துக் கொல்வார்கள். அங்கே தேதிகள் முக்கியம் என்று கதை சொன்னால் ஒழிய, அச்சே மேல்.

என்ன வேலை செய்துகொண்டே கேட்கலாம்?

கை மட்டும் வேலை செய்து மொழி சும்மா இருக்கும் வேலைகள்: பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, வெங்காயம் உரிப்பது, நடைப்பயிற்சி, நீண்ட ரயில் பயணம். எழுத்தோ பேச்சோ புழங்கும் வேலை ஒத்துவராது. மெயில் அடித்துக்கொண்டே கேட்டால் இரண்டும் கெடும். மிக்ஸி போடும்போது நிறுத்திவிடுங்கள். அந்த அரை நிமிடத்தில்தான் கொலைகாரன் பெயர் வரும்.

காரில் ஸ்பீக்கரில் கேட்பது பழகிய சாலையில் பரவாயில்லை. ஊரே தெரியாத இடத்தில் வழி தேடும்போது வேண்டாம். இரு சக்கர வண்டியில் ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டிக் கேட்பது கூடவே கூடாது. பின்னால் வரும் லாரியின் ஹாரனும் கதையின் ஒரு பகுதியாகத் தோன்றிவிடும்.

இரவில் படுக்கையில் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் டைமரை எப்படி வைக்கிறீர்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. ஆப்களில் 15, 30, 45 நிமிடம் என்றும் 'அத்தியாய முடிவு' என்றும் இருக்கும். மற்ற நாவல்களுக்கு அத்தியாய முடிவு நல்ல நிறுத்தம். த்ரில்லர் எழுதுபவர் அத்தியாய முடிவில்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் வரியை வைத்திருப்பார். நிமிடக் கணக்கில் வைத்தால் ஏதோ ஒரு விசாரணையின் நடுவில், யாரோ காபி குடிக்கும் இடத்தில் அணையும். நிம்மதியாகத் தூங்கலாம்.

எங்கே தூங்கினோம் என்று மறுநாள் தேடுவது பெரும்பாடு. டைமர் அணைந்த இடத்திலிருந்து பத்து நிமிடம் பின்னால் போய்த் தொடங்குங்கள். ஏற்கனவே கேட்டது என்றால் இரண்டு வரியில் தெரிந்துவிடும். முன்னால் தாவித் தேடினால் மட்டும் பிணத்தின் மேல் போய் விழுவீர்கள்.

'இன்னும் 13 நிமிடம் மீதி' என்று திரை காட்டுகிறதே, அதுவே சஸ்பென்ஸைக் கெடுக்காதா?

கெடுக்கும். கைதான ஆள்தான் குற்றவாளி என்று கதை சொல்கிறது, திரையில் இன்னும் இரண்டு மணி நேரம் மீதி. அப்போதே தெரிந்துவிடும், அவன் இல்லை என்று. அச்சுப் புத்தகத்திலும் மீதிப் பக்கங்களின் கனம் விரலுக்குத் தெரியும், ஆனால் நிமிடக் கணக்கில் தெரியாது. சில ஆப்களில் அத்தியாயத்தின் மீதி நேரத்தை மட்டும் காட்டும்படி மாற்றலாம். இல்லையென்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டியதுதான். காரின் திரையில் அத்தியாயத் தலைப்பு ஓடும். 'வாக்குமூலம்' என்று தலைப்பு வைத்திருந்தால் நம் தலையெழுத்து.

கிசுகிசுப்புக் காட்சிக்குச் சத்தத்தைக் கூட்டினால் அடுத்து அலறல் வந்து காது போகாதா?

முறையாகத் தயாரித்த ஆடியோபுக்கில் அந்த ஆபத்து குறைவு. ஆடிபிளுக்கு நூல் அனுப்பும் தயாரிப்பாளர்களுக்கான விதியில், ஒலியின் சராசரி அளவு மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபெலுக்குள்ளும், உச்சம் மைனஸ் 3 டெசிபெலுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் (பதிவு தாங்கும் உச்ச அளவைப் பூஜ்யமாக வைத்துக் கீழ்நோக்கி எண்ணும் கணக்கு இது). அதனால்தான் நல்ல வாசிப்பாளர் நிஜமாகக் கத்துவதில்லை. மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, தொண்டையை இறுக்கி, கத்தலின் சாயலை மட்டும் தருகிறார். வீட்டில் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுபவர்களிடம் இந்தக் கட்டுப்பாடு இருக்காது. அங்கே சத்தத்தைக் குறைத்தே தொடங்குங்கள்.

காதில் விழும் சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். பேச்சு கேட்க அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. பேருந்து இரைச்சலை ஜெயிக்கத்தான் கூட்டுகிறோம். காதை அடைக்கும் வகை இயர்போன் இருந்தால் அந்தப் போட்டி தேவைப்படாது.

தமிழில் எங்கே கிடைக்கும்?

ஸ்டோரிடெல், புஸ்தகா போன்ற இடங்களில் தமிழ் நாவல்கள் முழு ஆடியோபுக்காகக் கிடைக்கின்றன. ஆடிபிளில் ஆங்கிலம் கொட்டிக்கிடக்கிறது, தமிழ் சொற்பம். பாக்கெட் எஃப்எம், குக்கு எஃப்எம் இரண்டும் வேறு ரகம். அங்கே ஓடுவது பெரும்பாலும் தொடர். சில நிமிடப் பகுதிகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு பகுதியும் ஒரு திடுக்கிடலில் முடியும். சில இடங்களில் அடுத்ததைத் திறக்கக் காசு கட்ட வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். ஆனால் முடிவை மனத்தில் வைத்து முதல் அத்தியாயத்திலேயே துப்பை விதைக்கும் துப்பறியும் நாவலை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் உள்ளூர் நூலக அட்டையை லிபி ஆப்பில் இணைத்துப் பாருங்கள். ஆங்கில த்ரில்லர்களை இரவல் வாங்கிக் கேட்கலாம், பைசா செலவில்லை.

யூடியூபில் நாவல்களை வாசித்துப் போடுகிறார்களே, அதைக் கேட்பது சரியா?

யார் போட்டது, யாருடைய நாவல் என்பதைப் பொறுத்தது. எழுத்தாளரோ பதிப்பகமோ அனுமதித்திருந்தால் நிம்மதியாகக் கேளுங்கள். இந்தியாவில் எழுத்தாளரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரையும் பதிப்புரிமை உண்டு. அதன் பிறகு யாரும் வாசிக்கலாம். தமிழில் துப்பறியும் நாவலுக்கு அடிபோட்ட ஆரணி குப்புசாமி முதலியார் 1925-இலும் வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1942-இலும் மறைந்தவர்கள். அவர்கள் நாவல்கள் எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டன. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கும் தடை இல்லை. குரல் வளம் உள்ளவர்கள், இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் நாவலைக் கேட்காமல் எடுத்துப் போடுவதை விட்டுவிட்டு இந்தப் பழைய புதையலைத் தோண்டினால் புண்ணியமாகப் போகும்.

ஆங்கிலத்தில், பதிப்புரிமை முடிந்த நூல்களை வாசித்துத் தரும் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளம் 2005-இல் தொடங்கியது, முழுக்க முழுக்கத் தொண்டர்களின் வேலை. ஹோம்ஸ் கதைகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஒரே குறை, சில நூல்களில் அத்தியாயத்துக்கு ஒருவர் வாசிப்பார். வாட்சன் காலையில் அமெரிக்கராகவும் மாலையில் ஆஸ்திரேலியராகவும் இருப்பார். ஒருவரே வாசித்த பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

கம்ப்யூட்டர் குரல் வாசிக்கும் நூல்கள் எப்படி?

வாசிப்பவர் பெயர் இருக்கும் இடத்தில் 'வர்ச்சுவல் வாய்ஸ்' என்றோ டிஜிட்டல் வாசிப்பு என்றோ இருந்தால் அது இயந்திரக் குரல். ஆங்கிலத்தில் உச்சரிப்பு இப்போது தேறிவிட்டது. ஆனால் எந்த வரியில் நிறுத்த வேண்டும் என்பதற்கு அதனிடம் காரணம் கிடையாது. பிணம் கிடந்ததையும் பஸ் வந்ததையும் ஒரே அக்கறையோடு சொல்லும். தமிழில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. 'பாஸ்' என்று எழுதியிருந்தால் முதலாளியா பரீட்சைத் தேர்ச்சியா என்று மனிதருக்குச் சந்தர்ப்பத்திலிருந்து தெரியும், இயந்திரம் தடுமாறும். ஆங்கிலச் சொற்கள் சரளமாக வரும் நம் க்ரைம் நாவல்களில் பக்கத்துக்கு ஓரிடமாவது இப்படி இடறும்.

போனில் எவ்வளவு இடம் வேண்டும்?

64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) தரத்தில் மணிக்குச் சுமார் 29 எம்பி. பத்து மணி நேர நாவலுக்கு 300 எம்பிக்குள் அடங்கும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பார்வை குறைபாடு உள்ளவர்களுக்குத் தனி வசதி உண்டா?

உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவத்துக்கு நூல்களை மாற்ற அனுமதி தருகிறது. பார்வையற்றோருக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகத்தில் உறுப்பினரானால் இந்திய மொழிகளில் நூல்கள் கிடைக்கும். டெய்சி என்ற வடிவத்தில் உள்ளவற்றில் அத்தியாயம், பக்கம் என்று தாவிப் போகலாம். துப்பைத் தேடிப் பின்னால் போவதற்குச் சாதாரண ஆடியோபுக்கைவிட அதுவே வசதி. சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பார்வையற்றோருக்குத் தனிப் பிரிவு உள்ளது.

பிள்ளைகளோடு காரில் போகும்போது போடலாமா?

புதிர்க் கதை போடலாம், கொலைகாரனின் மனத்துக்குள் நுழையும் கதை வேண்டாம். கண்ணால் படிக்கும் பிள்ளை பிடிக்காத பத்தியைத் தாண்டிவிடும். ஸ்பீக்கரில் ஓடும் கதையிலிருந்து பின்சீட்டில் இருப்பவர் தப்ப முடியாது.

முடிவு தெரிந்துவிட்டது. இனி அந்த நூலை மறுபடி கேட்பதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். சிறுகதைகளின் முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது, பலர் கூடுதலாகவே ரசித்தார்கள். மர்மக் கதைகளும் அதில் அடக்கம். இதை நம்பி யாரும் நண்பருக்கு முடிவைச் சொல்லிவிட வேண்டாம். இரண்டாம் முறை கேட்பவருக்கு மட்டும் அது தைரியம் தரும்.

மறுபடி கேட்கும்போது குற்றவாளி வாய் திறக்கும் முதல் காட்சிக்கு நேரே போங்கள். வாசித்தவருக்கு எல்லாம் தெரியும், அந்தப் பாத்திரத்துக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் அன்று தெரியாது. 'எனக்கு அவரை அவ்வளவாப் பழக்கம் இல்லீங்க' என்ற வரியை அவர் எப்படிச் சொல்லியிருக்கிறார், எங்கே மூச்சு விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். இதற்கு வேகம் 1.0.